சின்னக் கடனுக்கு ஏன் பெரிய செலவு? நுண்கடன் நிறுவனங்களும் நிதித் தொழில்நுட்பமும்

ஆயிரம் கடன் கொடுத்தாலும் லட்சம் கடன் கொடுத்தாலும் கொடுப்பவருக்கு வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். வேறு எங்கெல்லாம் கடன் வைத்திருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். திருப்பிக் கட்ட முடியுமா என்று கணக்குப் போட வேண்டும். பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், தவணைகளை வாங்க வேண்டும், ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு கடனுக்கு 100 செலவாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,00,000 கடனில் அந்த 100 என்பது 0.1 சதவீதம். 1,000 கடனில் அதே 100 என்பது 10 சதவீதம். நிறுவனம் துளியும் லாபம் வைக்காவிட்டாலும், சின்னக் கடன் வாங்குபவர் அந்த 10 சதவீதத்தை வட்டியாகவோ கட்டணமாகவோ சுமந்துதான் ஆக வேண்டும்.

ஏழைகளுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் நெடுங்காலம் தயங்கியதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம். அடமானம் வைக்க அவர்களிடம் சொத்து இல்லை என்பது இன்னொரு காரணம். மைக்ரோ ஃபைனான்ஸ் எனப்படும் நுண்கடன் முறை, அடமானம் இல்லாத குறையைத் தீர்க்க நல்ல வழி கண்டுபிடித்தது. செலவுக் கணக்கை மட்டும் அதனால் பாதிதான் தீர்க்க முடிந்தது. மீதிப் பாதிக்காகத்தான் நுண்கடன் நிறுவனங்கள் இன்று ஃபின்டெக் எனும் நிதித் தொழில்நுட்பத்தை நாடுகின்றன. மொபைல் பணம், கைரேகை அடையாளம், கடன் மதிப்பெண், மேகக் கணினியில் (இணையம் வழியாகப் பயன்படுத்தும் வெளிக் கணினியில்) ஓடும் கணக்கு மென்பொருள் எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கும். எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே: மேலே சொன்ன அந்த 100ஐக் குறைப்பது.

குறைத்ததில் மிச்சமான பணமும் நேரமும் யாருக்குப் போய்ச் சேர்கின்றன என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி. அதற்குப் போகும் முன் பழைய முறை எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம்.

குழுவும் கூட்டமும்

வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த முகமது யூனுஸ், 1976இல் அருகிலிருந்த ஜோப்ரா கிராமத்தில் சிறு கடன்கள் கொடுத்துப் பார்த்தார். அந்த முயற்சி வளர்ந்து 1983இல் கிராமின் வங்கி என்ற தனி வங்கியானது. 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு யூனுஸுக்கும் அந்த வங்கிக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

அவர்கள் பரப்பிய முறை எளியது. கடன் வாங்க விரும்பும் ஐந்து பேர், பெரும்பாலும் பெண்கள், ஒரு குழுவாகச் சேர்வார்கள். பல குழுக்கள் சேர்ந்தது ஒரு மையம். மையம் வாரம் ஒருமுறை கூடும், கள அலுவலர் அங்கே வருவார். அனைவரும் அவரவர் தவணையை எல்லோர் முன்னிலையிலும் கட்டுவார்கள். ஒருவர் தவறினால் குழு கேள்வி கேட்கும், சில நிறுவனங்களில் குழுவே ஈடுகட்ட வேண்டியிருக்கும். அடமானத்தின் இடத்தில் அக்கம்பக்கத்தாரின் அறிமுகமும் கண்காணிப்பும் வந்து உட்கார்ந்தன. யார் உழைப்பாளி, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது வங்கி மேலாளரைவிட அண்டை வீட்டாருக்கு நன்றாகத் தெரியும் அல்லவா? அந்த அறிவைக் கடன் கொடுப்பதற்கு இந்த முறை பயன்படுத்திக்கொண்டது.

ஆனால் அலுவலரின் வேலைநாளைப் பாருங்கள். காலையில் கிளம்பி இரண்டு மூன்று மையங்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பேரிடம் காசை வாங்கி, எண்ணி, பாஸ்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பையில் பணத்தோடு கிளைக்குத் திரும்பி, மறுபடி எண்ணி, அதே எண்களைப் பேரேட்டில் மறுபடி எழுத வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு அந்தக் கணக்கு போய்ச் சேரச் சில நாட்கள் ஆகும். வழியில் கொள்ளை போகலாம். கட்டிய தவணை எழுதப்படாமல் போகலாம். இல்லாத ஆளின் பெயரில் கடன் எழுதப்பட்டிருக்கலாம். ஒரு கிளையில் வசூல் சரியத் தொடங்கியிருப்பது தலைமைக்குத் தெரியவரும்போது நிலைமை கைமீறியிருக்கலாம். நுண்கடனின் வட்டி உயர்ந்து நிற்பதற்கு இந்த நடையும் எண்ணலும் எழுத்தும் பெரிய காரணங்கள்.

முதலில் மாற வேண்டியது கணக்குப் புத்தகம்

ஃபின்டெக் என்றதும் பலருக்கும் ஒரு மொபைல் ஆப்தான் நினைவுக்கு வரும். கடன் வாங்குபவர் கண்ணில் படுவது அதுதான். ஆனால் மாற்றம் அங்கே தொடங்குவதில்லை. யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை கட்டியாயிற்று, பாக்கி எவ்வளவு என்பதை ஒரே இடத்தில் வைத்திருக்கும் மையக் கணக்கு மென்பொருள்தான் அடித்தளம். வங்கித் துறையில் இதைக் கோர் பேங்கிங் என்பார்கள். அது இல்லாமல் ஆப் மட்டும் வாங்கினால், ஆப்பில் ஒரு பாக்கியும் பேரேட்டில் வேறொரு பாக்கியும் இருக்கும். கடன் வாங்கியவர் எதை நம்புவார்?

பெரிய வங்கிகளின் மென்பொருள் சின்ன நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. குழு, மையம், வாராந்திரத் தவணை போன்றவை அதில் இருக்கவும் செய்யாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான், கிராமின் அறக்கட்டளையின் முயற்சியில் மிஃபோஸ் என்ற திறந்த மூல மென்பொருள் உருவானது. அதிலிருந்து வளர்ந்த ஃபினரேக்ட், 2017இல், திறந்த மூல மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் முழுநிலைத் திட்டங்களில் ஒன்றானது. இதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உரிமக் கட்டணம் இல்லை. நிறுவிப் பராமரிக்க ஆட்கள் வேண்டும் என்பதால் செலவே இல்லை என்று சொல்ல முடியாது. மாதச் சந்தா கட்டி, மேகக் கணினியில் பயன்படுத்தும் மென்பொருள்களும் இப்போது பல இருக்கின்றன. சொந்தமாக சர்வர் வாங்க முடியாத நிறுவனங்களுக்கு இவை கதவைத் திறந்துவிட்டன.

மென்பொருளை வாங்குவது சுலபம். பழைய கணக்கை அதற்குள் ஏற்றுவதில்தான் நிறுவனங்கள் திணறுகின்றன. ஒரே பெண்ணின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும். பிறந்த தேதி விடுபட்டிருக்கும். விழாக்காலத்தில் தவணையைத் தள்ளிவைத்ததை ஓரத்தில் பென்சிலால் குறித்திருப்பார்கள், மென்பொருளில் அதற்கு இடம் இருக்காது. இதையெல்லாம் பொறுமையாகச் சரிபார்த்து ஏற்றாத நிறுவனம், தன் பழைய தவறுகளைப் புதிய வேகத்தில் செய்யத் தொடங்கும். தொழில்நுட்பத்துக்காகப் பட்ஜெட் போடும்போது இந்தத் துப்புரவு வேலைக்குத் தனியாகப் பணமும் மாதங்களும் ஒதுக்க வேண்டும். பலர் ஒதுக்குவதில்லை.

அடித்தளம் சரியாக அமைந்த பிறகு அலுவலர் கையில் டேப்லெட் வருகிறது. விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பி, புகைப்படம் எடுத்து, அப்போதே அனுப்பிவிடலாம். கிளைக்குத் திரும்பி மறுபடி எழுதும் வேலை இல்லை. நாள்கணக்கில் காத்திருந்த முடிவு மணிக்கணக்கில் வந்துவிடும். இணையம் கிடைக்காத இடங்களில் வேலை செய்யும் வசதி மட்டும் கட்டாயம் வேண்டும். தகவலைக் கருவியிலேயே சேமித்து, சிக்னல் கிடைத்ததும் தானாக அனுப்பிக்கொள்ள வேண்டும். தொடர்பு வசதி எவ்வளவு பெரிய தடை என்பதற்கு இந்தோனேசியா நல்ல சான்று. ஆயிரக்கணக்கான தீவுகளில் சிறு கடன் கொடுக்கும் பிஆர்ஐ வங்கி, தன் கிளைகளை இணைக்க 2016இல் தனக்கென ஒரு செயற்கைக்கோளையே விண்ணில் செலுத்தியது.

யார் என்று தெரிவது, எவ்வளவு கடன் என்று தெரிவது

கடன் கொடுப்பவருக்கு இரண்டு அடிப்படைத் தகவல்கள் வேண்டும். எதிரே இருப்பவர் யார்? அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு கடன் இருக்கிறது?

முதல் கேள்வி சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அடையாள அட்டை இல்லாத நாட்டில், ஒருவர் ஓரிடத்தில் கட்டாமல் விட்டு இன்னோரிடத்தில் வேறு பெயரில் கடன் வாங்க முடியும். மலாவியில் ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். பாப்ரிகா மிளகாய் பயிரிடும் விவசாயிகளில் ஒரு பகுதியினரிடம் கடன் கொடுக்கும்போது கைரேகை எடுத்தார்கள், மற்றவர்களிடம் எடுக்கவில்லை. கட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப்பட்டவர்களில், கைரேகை கொடுத்தவர்கள் கொடுக்காதவர்களைவிட மிக அதிகமாகத் திருப்பிக் கட்டினார்கள். எப்படியும் ஒழுங்காகக் கட்டக்கூடியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அடுத்த முறை கடன் கேட்கும்போது தான் யார் என்று தெரியும் என்ற ஒன்றே சிலரின் நடத்தையை மாற்றியது.

இந்தியாவில் ஆதார் வழியான மின்னணு கேஒய்சி, அடையாளம் பார்க்கும் வேலையை நிமிடங்களுக்குள் சுருக்கியது. அந்த வேகத்துக்கு ஒரு எல்லையும் தேவைப்பட்டது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த வழி செய்த சட்டப் பகுதியை 2018இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிறகு 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் தானாக முன்வந்து தரும் ஒப்புதலின் பேரில் புதிய வழி வகுக்கப்பட்டது. கைரேகையும் முகமும் ஒருமுறை கசிந்தால் கடவுச்சொல்போல மாற்றிக்கொள்ள முடியாதவை. அவற்றைச் சேகரிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு அதனாலேயே பல மடங்கு கூடுகிறது.

இரண்டாவது கேள்விக்கு விடை தருவது கடன் தகவல் நிறுவனம். எல்லாக் கடன் நிறுவனங்களும் தங்கள் கணக்கை அங்கே அனுப்பும். புதிதாகக் கடன் கொடுப்பவர் அங்கே பார்த்துவிட்டுக் கொடுப்பார். இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2010இல் ஆந்திரப் பிரதேசம் காட்டியது. பல நிறுவனங்கள் ஒரே குடும்பங்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கடன் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று மக்கள் சிக்கினார்கள். கடுமையான வசூல் முறைகள் பற்றியும் தற்கொலைகள் பற்றியும் செய்திகள் வந்த நிலையில், அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே வசூல் பெருமளவு நின்றுபோனது. அதே மாதம் ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களுக்கெனத் தனி வகையையும் விதிகளையும் உருவாக்கியது. நுண்கடன் தகவல்களைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குக் கொடுப்பது அதன் பிறகே வழக்கமாக வேரூன்றியது.

கடன் தகவல் நிறுவனத்தின் பயன் அதற்கு வரும் தகவலின் புதுமையைப் பொறுத்தது. நேற்று வாங்கிய கடன் ஒரு மாதம் கழித்துத்தான் பதிவாகும் என்றால், அந்த இடைவெளியில் ஒருவர் மூன்று இடங்களில் கடன் வாங்கிவிடலாம். தகவல் அனுப்பும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தொடர்ந்து வலியுறுத்துவது இதனால்தான்.

பணம் நகரும் வழி

2007 மார்ச்சில் கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா சேவையைத் தொடங்கியது. சாதாரண பட்டன் போனிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவதுபோலப் பணம் அனுப்பலாம். தெருவில் உள்ள முகவரிடம் ரொக்கத்தைக் கொடுத்துக் கணக்கில் ஏற்றலாம், கணக்கிலிருந்து ரொக்கமாக எடுக்கலாம். நுண்கடனில் பெரிய செலவு பிடிக்கும் வேலைகளில் ஒன்று ரொக்கத்தைச் சுமப்பது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே நுண்கடன் நிறுவனங்களுக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. 2010இல் கென்யாவில் தொடங்கிய முசோனி, ரொக்கத்தையே கையில் தொடாமல், மொபைல் பணம் வழியாகவே கடன் கொடுத்து வசூலிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. வங்கதேசத்தில் 2011இல் பிகேஷ் என்ற மொபைல் பணச் சேவை வந்தது. இந்தியாவில் 2014இல் தொடங்கிய ஜன் தன் கணக்குகளும் 2016இல் வந்த யுபிஐயும் வேறொரு பாதையில் அதே வேலையைச் செய்தன.

கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் ஒரே வேகத்தில் டிஜிட்டலுக்கு மாறுவதில்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் இத்துறையைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி. கொடுக்கும்போது முடிவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இனி வங்கிக் கணக்கில்தான் போடுவோம் என்று அறிவித்தால் போதும். இந்தியாவில் நுண்கடன்களைக் கணக்கில் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. வசூல் அப்படி இல்லை. அங்கே முடிவு கட்டுபவரின் கையில் இருக்கிறது. தினமும் ரொக்கமாகச் சம்பாதிப்பவர், அதைக் கொண்டுபோய்க் கணக்கில் போட்டு, பிறகு போன் வழியாக அனுப்ப வேண்டும் என்றால் அவருக்கு ஒரு வேலை கூடுகிறது. முகவர் தூரத்தில் இருந்தால் ஒரு நடையும் கூடுகிறது. அனுப்பக் கட்டணம் இருந்தால் செலவும் கூடுகிறது. நிறுவனத்தின் நூறில் பத்து குறைந்து, அந்தப் பத்து கடன் வாங்கியவர் தலையில் ஏறியிருந்தால், அதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செலவு கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். கடன் பெண்ணின் பெயரில் இருக்கும், வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். ரகசிய எண்ணை இன்னொருவரிடம் சொல்லித்தான் பணம் அனுப்ப முடியும் என்ற நிலை வந்தால், தன் பெயரிலுள்ள பணத்தின் மீது அவருக்கிருந்த பிடி நழுவுகிறது. பாஸ்புக்கில் கையெழுத்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவருக்கு, ‘பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது’ என்று திரையில் தெரிவது எவ்வளவு பதற்றம் தரும் என்று யோசியுங்கள். கட்டிய உடனே அவர் மொழியில் ஒரு ரசீது, முடிந்தால் குரல் வழியிலும் ஒரு ரசீது, பணம் நடுவழியில் சிக்கினால் யாரிடம் கேட்பது என்பதற்கு ஒரு தெளிவான விடை. இந்த மூன்றும் இல்லாமல் வசூலை டிஜிட்டலாக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கணினி தரும் மதிப்பெண்

அடுத்தது கடன் மதிப்பெண். கடந்த காலத்தில் ஒழுங்காகக் கட்டியவர்களிடமும் தவறியவர்களிடமும் என்னென்ன அடையாளங்கள் இருந்தன என்று கணினி பார்க்கிறது. புதிதாக வருபவர் எந்தப் பக்கம் அதிகம் ஒத்துப்போகிறார் என்று எண்ணால் சொல்கிறது. வங்கிக் கணக்கு வரலாறு இல்லாதவர்களுக்கு வேறு தடயங்களை எடுத்துக்கொள்வார்கள்: மொபைல் பணப் பரிமாற்றம், ரீசார்ஜ் செய்யும் ஒழுங்கு, மின்கட்டணம் கட்டும் நாள்.

2012இல் கென்யாவில் ஒரு வணிக வங்கியும் சஃபாரிகாமும் சேர்ந்து எம்-ஷ்வாரி என்ற சேவையைத் தொடங்கின. கள அலுவலர் இல்லை, கூட்டம் இல்லை, காகிதம் இல்லை. தொலைபேசிப் பயன்பாட்டையும் எம்-பெசா வரலாற்றையும் வைத்து, போனிலேயே முடிவு வந்தது. 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம். மாதத்துக்கு 7.5 என்றால் கூட்டு வட்டி இல்லாமல் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 90 சதவீதம் ஆகிறது. வேலைச் செலவு கிட்டத்தட்ட மறைந்துபோன பிறகும் கடன் மலிவாகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அவசரத்துக்கு நொடியில் கிடைக்கும் பணம் என்ற வசதிக்கு மக்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள். அதன் வெற்றியைப் பார்த்துப் பல கடன் ஆப்கள் முளைத்தன. மிகச் சிறிய தொகை பாக்கி வைத்ததற்காகவும் ஏராளமானோர் கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் ஏறினார்கள். 2020இல் கென்ய மத்திய வங்கி குறுக்கிட்டது. கட்டுப்பாட்டுக்கு உட்படாத டிஜிட்டல் கடன் நிறுவனங்கள் இப்படிப் பெயர் அனுப்புவதை நிறுத்தியது. 1,000 ஷில்லிங்குக்குக் குறைவான பாக்கிக்காகப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. 2021 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, அந்த நிறுவனங்கள் உரிமம் பெறுவது கட்டாயமானது.

இந்தியாவில் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. கடன் தொகை இடைத்தரகர் கணக்கு வழியாகப் போகாமல் வாங்குபவர் கணக்குக்கு நேரடியாகப் போக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். போனிலுள்ள தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் ஆப் தோண்டக் கூடாது. கட்டத் தவறியவரின் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து அவமானப்படுத்திய ஆப்களின் கொடுமைக்கு அணை போட இந்தக் கடைசி விதி அவசியமாக இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுண்கடன் விதிகளும் முக்கியமானவை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமின்றிக் கொடுக்கும் கடன், நேரில் கொடுத்தாலும் ஆப்பில் கொடுத்தாலும் நுண்கடன்தான். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

மதிப்பெண் முறையில் எனக்கு உள்ள கவலை, அது யாரைப் பார்க்காமல் விடுகிறது என்பதில் இருக்கிறது. போன் அதிகம் பயன்படுத்தாதவர் கணினிக்குத் தெரியாதவர் ஆகிறார். இப்படிப்பட்டவர்களில் பெண்களும் முதியவர்களும் அதிகம். நுண்கடன் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களே வடிகட்டப்படும் ஆபத்து இது. மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல முடியாத மதிப்பெண்ணை, அலுவலர் மறுபரிசீலனை செய்ய இடமில்லாமல் பயன்படுத்தக் கூடாது.

கூட்டம் செய்துவந்த வேறு வேலை

செலவு என்று பார்த்தால் வாராந்திரக் கூட்டம் ஒரு சுமை. அதை நிறுத்திவிடலாமா?

கொல்கத்தாவில் நடந்த ஆய்வுகள் இரண்டு விதமான விடை தருகின்றன. வாரந்தோறும் கட்டுவதற்குப் பதில் மாதந்தோறும் கட்டியவர்களுக்குக் கடன் பற்றிய மன உளைச்சல் கணிசமாகக் குறைந்தது. கூட்டம் குறைவது சிலருக்கு நிம்மதி. அதே நகரில் நடந்த இன்னோர் ஆய்வில், முதல் கடனின்போது வாரந்தோறும் கூடியவர்களிடையே பழக்கம் கூடியிருந்தது. வெகுநாள் கழித்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கடனில் அவர்கள் தவறுவதும் குறைந்திருந்தது. கூட்டம் வசூல் மேசை மட்டுமாக இருக்கவில்லை, ஒரு சமூகமும் அங்கே உருவாகியிருக்கிறது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி சில மையங்களில் கூட்டத்தை வைத்துக்கொண்டு, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்ற நிபந்தனையை மட்டும் நீக்கியது. வசூல் சரியவில்லை.

இதே பிலிப்பைன்ஸில் நடந்த இன்னொரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. தவணை நாளுக்கு முன் கடன் வாங்கியவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வெறும் நினைவூட்டல் பெரிதாகப் பலன் தரவில்லை. கள அலுவலரின் பெயர் சேர்ந்திருந்த செய்திகள் பலன் தந்தன. அதுவும் அந்த அலுவலரிடம் ஏற்கெனவே கடன் வாங்கிப் பழகியிருந்தவர்களிடம்தான். புதிதாக வந்தவர்களிடம் பெயர் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. செய்தியைச் சுமந்தது தொலைபேசிக் கோபுரம். அதற்கு வலுக் கொடுத்தது முன்பே நேரில் உண்டான பழக்கம்.

ஆகவே எண்ணுதல், எழுதுதல், சுமத்தல் ஆகிய மூன்றையும் இயந்திரத்திடம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். விசாரிப்பதையும் விளக்குவதையும் கொடுக்கக் கூடாது. டேப்லெட்டால் அலுவலருக்கு மிச்சமாகும் நேரத்தை நிறுவனங்கள் இரண்டு விதமாகச் செலவிடுகின்றன. ஒரு வகை நிறுவனம், முன்னூறு பேரைக் கவனித்தவரிடம் ஐந்நூறு பேரை ஒப்படைக்கிறது. இன்னொரு வகை, அதே முன்னூறு பேரிடம் வட்டிக் கணக்கை விளக்கவும், தொழில் சரிந்தவரின் தவணையை எப்படி மாற்றலாம் என்று உட்கார்ந்து பேசவும் அந்த நேரத்தைத் தருகிறது. முதல் வழியில் செலவு விகிதம் சட்டென்று குறையும். ஆனால் கஷ்டத்தில் இருப்பவரை முன்கூட்டியே கண்டுகொள்ள அங்கே ஆள் இருக்காது. வாராக்கடன் ஏறிய பிறகுதான் தெரியவரும்.

இறங்கப்போகும் நிறுவனத்துக்கு

சிறு நிறுவனம் ஒன்று இதில் இறங்க நினைத்தால், மையக் கணக்கைச் சரிசெய்த பிறகு ஒரே ஒரு கிளையில் தொடங்குவது நல்லது. அந்தக் கிளையில் அனுபவமுள்ள அலுவலர்களையே சோதனைக்கு அமர்த்த வேண்டும். ஆப்பின் திரையில் எது தேவையில்லாதது, எங்கே ஆட்கள் குழம்புகிறார்கள் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். தங்கள் வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். அதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசாவிட்டால், காகிதத்தில் ஒரு கணக்கும் கருவியில் ஒரு கணக்கும் தொடர்ந்து ஓடும். மென்பொருள் விற்பவரோடு ஒப்பந்தம் போடும்போது, அவரை விட்டு விலக நேர்ந்தால் எல்லாத் தகவலும் பயன்படுத்தக்கூடிய வடிவில் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் மாட்டினால், சந்தா எவ்வளவு ஏறினாலும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கடன் வாங்குபவராக இருந்தால் கையெழுத்துக்கோ கைரேகைக்கோ முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? நான் கட்டியதற்கு அத்தாட்சி எந்த வடிவில், எப்போது வரும்? தவறு நடந்தால் எந்த மனிதரிடம் பேசலாம்?

ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்ப முயற்சி வெற்றியா என்று வெளியிலிருந்து மதிப்பிட விரும்புபவர்கள், ஆப்பை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, ஆண்டறிக்கைகளை மூன்று நான்கு வருடங்களுக்கு வரிசையாக வைத்துப் பார்க்கலாம். கடன் தொகையோடு ஒப்பிட்ட நிர்வாகச் செலவு விகிதம் குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால், அதே காலத்தில் வாங்குபவர்கள் கட்டும் வட்டியும் குறைந்திருக்கிறதா? ஓர் அலுவலருக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் என்ற எண் எங்கே போயிருக்கிறது? பாதியில் விலகிப்போனவர்களில் பெண்களும் முதியவர்களும் எத்தனை பேர்? இந்த நான்கில் கடைசி எண்ணைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. முதலீட்டாளர்களும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.